ஆச்சி வீட்டிலிருந்து 650 கிலோமீட்டர்: லீவு முடிந்து திரும்பும் ஒரு பகல் பயணம்!

அதிகாலை 4.45 மணி. அம்பாசமுத்திரத்தில் அந்தத் தெருவில் ஒரு வீட்டில் மட்டும் விளக்கு எரிகிறது. வாசலில் நிற்கும் காரின் டிக்கி திறந்திருக்கிறது. அதற்குள் இனி ஒரு தேங்காய்கூட வைக்க இடமில்லை. ஆனால், ஆச்சியின் கையில் இன்னும் நான்கு தேங்காய்கள்.

``அம்மா, அங்கயும் தேங்கா கிடைக்கும்மா...''

``கிடைக்கும்யா. நம்ம மரத்துத் தேங்கா கிடைக்குமா?''

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லி ஜெயித்த மகன் யாரும் இல்லை. அரிசி மூட்டை சற்று நகர்கிறது. கல்லிடைக்குறிச்சி அப்பளக் கட்டு பின் சீட்டுக்குப் போகிறது. தேங்காய்கள் உள்ளே போகின்றன. நார்த்தங்காய் ஊறுகாய் ஜாடி, மோர் மிளகாய், முருங்கைக்காய்க் கட்டு எல்லாம் ஏற்கெனவே ஏறிவிட்டன. 12 வயது மகளின் பையில் தாமிரபரணியில் பொறுக்கிய கூழாங்கற்கள். 6 வயது மகனோ பாதித் தூக்கத்தில் தாத்தாவின் பழைய டார்ச் லைட்டைப் பிடித்துக்கொண்டிருக்கிறான். அதையும் சென்னைக்குக் கொண்டுபோக வேண்டுமாம்.

மே மாதக் கடைசி வாரத்தில் தென்மாவட்டங்களின் பல வாசல்களில் காணக்கிடைக்கும் காட்சி இது. ஜூனில் பள்ளி திறக்கிறது. ஊருக்கு வந்தவர்கள் எல்லாம் ஒரே சமயத்தில் திரும்புகிறார்கள்.

ரயிலில் போகலாமே என்று கேட்கலாம். ரயில் முன்பதிவு இப்போது 60 நாள்களுக்கு முன்புதான் தொடங்குகிறது. லீவின் கடைசி ஞாயிற்றுக்கிழமை நெல்லை எக்ஸ்பிரஸில் நான்கு பெர்த் வேண்டுமென்றால், மார்ச் கடைசியிலேயே நாள் குறித்துக் காத்திருக்க வேண்டும். கண் மூடித் திறப்பதற்குள் வெயிட்டிங் லிஸ்ட் வந்துவிடும். அதனால், இந்தக் குடும்பத்துக்கு மூன்று வருடங்களாகக் கார்தான்.

போன வருடம் வரை அது ராத்திரிப் பயணம். இந்த வருடம்தான் முதன்முறையாகப் பகல்.

``ஞாயித்துக்கிழமை ராத்திரி சாப்பிட்டுட்டு 9 மணிக்குக் கிளம்பினா, விடியக்காலை சென்னை. ஒருநாள் மிச்சம்'' - இது அப்பாவின் கணக்கு.

``சனிக்கிழமை காலையிலயே கிளம்பிருவோம்'' என்று இந்த முறை அம்மா சொல்லிவிட்டார். காரணம் கேட்டபோது சொல்லவில்லை. அவருக்கும் காரணம் தெரியும், கேட்டவருக்கும் தெரியும். தெரியாதவர் ஆச்சி மட்டும்தான். ஆனாலும், ``ஆமாய்யா, வெளிச்சத்துலயே போய்ச் சேந்துருங்க'' என்று மருமகள் பக்கம் சாய்ந்துவிட்டார்.

நெற்றியில் திருநீறு. டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம். ``போறோம்'' என்று சொல்லிவிட்ட பேரனுக்கு உடனே திருத்தம்: ``போயிட்டு வாரோம்னு சொல்லுல!''

``போயிட்டு வாரோம் ஆச்சி!''

``பையப் போங்க. சேந்ததும் போன் போடுங்க.''

மணி 5.30.

முதல் 40 கிலோமீட்டரில் யாரும் பேச மாட்டார்கள்

ஆற்றைக் கடந்தால் கல்லிடைக்குறிச்சி. பிறகு வீரவநல்லூர், சேரன்மகாதேவி, பாய்க்குப் பேர்போன பத்தமடை. இரண்டு பக்கமும் வாழைத் தோட்டங்கள். பின்கண்ணாடி வழியாகப் பார்த்தால் பொதிகை மலை நீல நிறத்தில் தெரிகிறது. கார் நெல்லையை நெருங்க நெருங்க மலை சிறியதாகிக்கொண்டே போகிறது.

இந்தத் தூரம் வரை வண்டிக்குள் பாட்டு கிடையாது, பேச்சு கிடையாது. மகள் பின்பக்கமாகத் திரும்பி உட்கார்ந்து மலையையே பார்க்கிறாள். ``நேரா உக்காரு, பெல்ட் போடு'' என்று முன் சீட்டிலிருந்து குரல் வருகிறது. பின் சீட்டில் இருப்பவர்களுக்கும் சீட் பெல்ட் கட்டாயம் என்பது சட்டம். சின்னவனுக்குத் தனியாகக் குழந்தை இருக்கை இருக்கிறது. அதில் உட்காரவைப்பதற்கு ஆச்சி சுட்டுக் கொடுத்த இரண்டு முறுக்குகள் லஞ்சம்!

நெல்லையில் நிற்கவில்லை. அல்வா முந்தைய நாள் மாலையே வாங்கியாகிவிட்டது. நெல்லையப்பர் கோயில் எதிரே இருக்கும் இருட்டுக்கடை மாலையில்தான் திறக்கும். காலையில் ஊரைவிட்டுக் கிளம்புகிறவர்கள் இதை மறந்தால் வெறுங்கையோடுதான் போக வேண்டும்.

தாழையூத்து தாண்டியதும் நான்குவழிச்சாலை. இனி மதுரை வரை ஸ்ரீநகர் - கன்னியாகுமரி தேசிய நெடுஞ்சாலை எண் 44. 2010-ல் எண்களை மாற்றும் வரை இதற்கு என்.ஹெச். 7 என்று பெயர். ஊரில் பெரியவர்களுக்கு இன்றும் `செவன் ரோடு'தான்.

கங்கைகொண்டான் பக்கம் அப்பா வேகத்தைக் குறைக்கிறார். அங்கே புள்ளிமான் சரணாலயம் இருக்கிறது. விடியும் நேரத்தில் மான்கள் சாலைக்கு வந்துவிட்டால் வண்டிக்கும் ஆபத்து, மானுக்கும் ஆபத்து.

காற்றாலை, கட்டபொம்மன், கடலை மிட்டாய்

கயத்தாற்றில் காற்றாலைகள் சுற்ற ஆரம்பித்திருக்கின்றன. மேற்குத் தொடர்ச்சி மலையின் கணவாய்கள் வழியாகத் தென்மேற்குக் காற்று நுழைகிற காலம் இது. ``அங்க குத்தாலத்துல சாரல் ஆரம்பிக்கப்போகுது. நாம கிளம்பிட்டோம்'' என்று பெருமூச்சு விடுகிறார் அம்மா. பள்ளி லீவுக்கும் குற்றால சீசனுக்கும் என்றைக்குமே பொருத்தம் இல்லை.

1799 அக்டோபர் 16 அன்று வீரபாண்டிய கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்ட ஊர் கயத்தாறு. ``எங்க சோஷியல் புக்ல இருக்குப்பா'' என்று மகள் முதன்முறையாக வாய் திறக்கிறாள். மலை மறைந்துவிட்டது. இனி பேசலாம்.

கோவில்பட்டியில் காலை உணவு. ஹோட்டல் வேண்டாம். வாழை இலையில் மிளகாய்ப்பொடி தடவிக் கட்டிய இட்லி இருக்கிறது. டீக்கடையில் இரண்டு டீ, இரண்டு பால் மட்டும் வாங்கிக்கொண்டு, பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிட கடைக்காரர் அனுமதிக்கிறார். கிளம்பும்போது கடலை மிட்டாய். கரிசல் மண் கடலையும் வெல்லமும் சேர்ந்த இந்த மிட்டாய்க்கு 2020-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. வகுப்பு நண்பர்களுக்கு ஒரு பாக்கெட், அபார்ட்மென்ட் வாட்ச்மேனுக்கு ஒரு பாக்கெட், வழிக்கு ஒரு பாக்கெட். வழிக்கு வாங்கியது சாத்தூரிலேயே காலி. அதனால் சாத்தூரில் சேவு!

நடுவே டோல்கேட்டுகள். அம்பையிலிருந்து தாம்பரத்துக்குள் பத்துக்கும் மேற்பட்ட சுங்கச்சாவடிகள் வருகின்றன. 2021 பிப்ரவரியில் ஃபாஸ்டேக் கட்டாயமான பிறகு சில்லறைக்கு நிற்கும் வேலை இல்லை. ஆனால், கணக்கில் பணம் குறைந்தால் பின்னால் நிற்பவர்களின் ஹாரன் சத்தம் காதைக் கிழிக்கும். கிளம்புவதற்கு முந்தைய நாளே ரீசார்ஜ் செய்துவிடுவது நல்லது.

மகளுக்கு டோல்கேட் பெயர்கள் வாய்ப்பாடுபோல மனப்பாடம். ``சாலைப்புதூர், எட்டூர்வட்டம், கப்பலூர், சிட்டம்பட்டி, பூதக்குடி, சமயபுரம், திருமாந்துறை, செங்குறிச்சி, விக்கிரவாண்டி, ஆத்தூர், பரனூர்!'' ஊருக்கு வரும்போது இதையே தலைகீழாகச் சொல்வாள். அப்போது குரலில் வேகம் இருக்கும். இப்போது இல்லை.

யானைமலையிலிருந்து காவிரி வரை

கப்பலூரில் ரிங் ரோடு பிரிகிறது. மதுரைக்குள் போகாமலே வைகையைக் கடந்து, பாண்டி கோயிலைத் தாண்டி, ஒத்தக்கடைப் பக்கம் ஏறிவிடலாம். அங்கே படுத்துக்கிடக்கிறது யானைமலை. ``தும்பிக்கை எங்க இருக்கு?'' என்று சின்னவன் கேட்க, மேலூர் வரும் வரை அதே விவாதம்.

கொட்டாம்பட்டி, துவரங்குறிச்சி, விராலிமலை. வெயில் ஏறிவிட்டது. சாலையோரம் நுங்கு விற்கும் பெரியவரிடம் கார் நிற்கிறது. `பத்து நிமிஷம்' என்று இறங்கியது அரை மணி நேரமாகிறது. சீவிய நுங்கை விரலால் நோண்டிச் சாப்பிடச் சின்னவனுக்குத் தெரியவில்லை. பெரியவர் சொல்லிக்கொடுக்கிறார். சட்டை முழுக்க நுங்குத் தண்ணீர். ராத்திரிப் பயணத்தில் இந்த இடமெல்லாம் வெறும் இருட்டு. மூன்று வருடங்களாக இதே சாலையில் போய்வந்தவன், விராலிமலையை இன்றைக்குத்தான் பார்க்கிறான்.

திருச்சி வரும்போது மணி 12-ஐ நெருங்குகிறது. பால்பண்ணை நெரிசலைத் தாண்டிப் பாலத்தில் ஏறினால் காவிரி. மேட்டூர் அணையை வழக்கமாகத் திறக்கும் நாள் ஜூன் 12. அதற்கு இன்னும் நாள் இருப்பதால், பாலத்துக்கு அடியில் பெரும்பாலும் மணல்தான். இடதுபக்கம் மலைக்கோட்டையும், சற்று தள்ளி 236 அடி உயர ஸ்ரீரங்கம் ராஜகோபுரமும் தெரிகின்றன. அடுத்த சில நிமிடங்களில் கொள்ளிடம். பின் சீட்டில் இரண்டு கைகள் கும்பிடுகின்றன.

பாதித் தூரம் முடிந்தது. சாலையில் இனி சென்னை 320 என்று ஆரம்பித்து எண்கள் குறைந்துகொண்டே வரும். இங்கிருந்துதான் அம்மா அமைதியாகிறார்.

வேப்பூருக்கு அப்பால்...

பெரம்பலூருக்கு முன்பு சிறுவாச்சூர். மதுரகாளியம்மன் கோயில் நடை பெரும்பாலும் திங்கள், வெள்ளிக் கிழமைகளில்தான் திறந்திருக்கும். இன்று சனி. காரில் இருந்தபடியே அம்மா கண்ணை மூடி வேண்டிக்கொள்கிறார். பிறகு, ``சாப்பிட்டுட்டுக் கொஞ்ச நேரம் தூங்கிட்டுப் போவோம்'' என்கிறார்.

``எனக்குத் தூக்கம் வரலயே...''

``வர்றதுக்கு முன்னாடியே தூங்குங்க.''

வேப்பமர நிழல் இருந்த ஒரு ஹோட்டல் வளாகத்தில் கார் நிற்கிறது. எலுமிச்சை சாதமும் அப்பளமும் முடிந்தன. சீட்டைச் சாய்த்து, கண்ணாடியைப் பாதி இறக்கி, போனில் 20 நிமிடத்துக்கு அலாரம் வைத்துவிட்டு அப்பா படுக்கிறார். பிள்ளைகள் மரத்தடியில் கூழாங்கற்களை அடுக்கி விளையாடுகிறார்கள்.

அலாரம் அடித்ததும் எழுந்து, காபி குடித்து, கிளம்பினார்கள். வேப்பூரைத் தாண்டியதும் ஓர் இடத்தில் அப்பா தானாகவே இடது ஓரம் வந்து வேகத்தைக் குறைக்கிறார். சாலை நடுவே வரிசையாக அரளிச் செடிகள், இளஞ்சிவப்புப் பூக்களோடு. ஆடு மாடு கடிக்காது, தண்ணீர் அதிகம் கேட்காது, எதிர்ப்பக்க வண்டியின் வெளிச்சம் கண்ணில் அடிக்காமல் மறைக்கும் என்பதால் நெடுஞ்சாலைகளில் அரளியைத்தான் அதிகம் வைக்கிறார்கள்.

போன வருடம் இதே இடத்தில், அதிகாலை 4 மணிக்கு, கார் அந்த அரளிச் செடிகளை உரசிக்கொண்டு போனது.

பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. அம்மா போட்ட சத்தத்தில் அப்பா விழித்துக்கொண்டார். பக்கவாட்டுக் கண்ணாடி உடைந்தது, கதவில் கீறல். பின்னால் லாரி எதுவும் வரவில்லை. அவ்வளவுதான். காலையில் வீடு சேர்ந்ததும், ``நல்லபடியா வந்துட்டோம்மா'' என்று ஊருக்கு போன். கண்ணாடியை மாற்றியாயிற்று, கீறலுக்கு பெயின்ட் அடித்தாயிற்று. அதன் பிறகு இருவரும் அதைப் பற்றிப் பேசவே இல்லை. பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருந்தார்கள் என்பதில் ஓர் ஆறுதல்.

``அப்பா...'' என்று பின் சீட்டிலிருந்து மகளின் குரல். ``இந்த இடம்தானே?''

வண்டிக்குள் அமைதி.

``எந்த இடம்மா?''

``கண்ணாடி உடைஞ்ச இடம். நான் முழிச்சுதான் இருந்தேன். நீங்க பயப்படுவீங்கன்னு தூங்குற மாதிரி இருந்தேன்.''

அப்பா பதில் சொல்லவில்லை. சர்வீஸ் ரோட்டில் இறக்கி, ஒரு டீக்கடை ஓரமாகக் காரை நிறுத்தினார். பின் கதவைத் திறந்து மகள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். கொஞ்ச நேரம் கழித்து, ``இனிமே ராத்திரியில ஓட்ட மாட்டேன்'' என்றார். ``சத்தியமா?'' என்றாள். ``சத்தியமா'' என்று தலையில் கை வைத்தார். என்ன நடக்கிறது என்று புரியாத சின்னவன், டார்ச் லைட்டை இருவர் முகத்திலும் அடித்துப் பார்த்தான்.

4 விநாடியில் 100 மீட்டர்!

மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார், ஒரு விநாடியில் 25 மீட்டர் ஓடுகிறது. 4 விநாடி கண் சொருகினால் 100 மீட்டர் தூரத்துக்கு அந்த வண்டியை ஓட்ட ஆளே இல்லை என்று அர்த்தம். நம் உடலின் கடிகாரப்படி தூக்கம் அதிகம் அழுத்தும் நேரம் நள்ளிரவு 2 மணியிலிருந்து காலை 6 மணி வரை. அடுத்தது மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு 2 முதல் 4 மணி வரை. லீவின் கடைசி நாளில் பகல் முழுக்க மூட்டை கட்டி, உறவினர் வீடுகளுக்குப் போய்ச் சொல்லிவிட்டு வந்து, ராத்திரி ஸ்டீயரிங் பிடிப்பவருக்கு இது இரட்டிப்புச் சுமை.

ஜன்னலைத் திறந்துவைப்பது, சத்தமாகப் பாட்டுப் போடுவது, முகம் கழுவுவது எல்லாம் சில நிமிடங்களுக்குத்தான் உதவும். தூக்கத்துக்கு மருந்து தூக்கம் மட்டும்தான்.

* இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இறங்கி நடங்கள்.

* கொட்டாவி தொடர்ந்து வந்தாலோ, கடந்து வந்த ஊர் நினைவில் இல்லையென்றாலோ பாதுகாப்பான இடத்தில் நிறுத்துங்கள். நெடுஞ்சாலை ஓரத்தில் வேண்டாம். பெட்ரோல் பங்க், ஹோட்டல் வளாகம் நல்லது.

* காபி குடித்து 15-20 நிமிடம் தூங்கி எழுந்தால், தூக்கமும் காபியும் சேர்ந்து வேலை செய்யும்.

* டயரில் காற்றை, வண்டி ஓடிச் சூடாவதற்கு முன்பு காலையிலேயே பாருங்கள்.

* தேசிய நெடுஞ்சாலையில் உதவி தேவைப்பட்டால் 1033 என்ற எண்ணை அழைக்கலாம்.

எல்லா ஊரும் ஒரே சாலையில்

உளுந்தூர்பேட்டையில் சேலம் சாலை வந்து சேர்கிறது. திண்டிவனத்தில் திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்தும் புதுச்சேரிப் பக்கத்திலிருந்தும் வண்டிகள் சேர்கின்றன. செங்கல்பட்டில் காஞ்சிபுரம் சாலை. நாகர்கோவில், தேனி, கும்பகோணம், ஆத்தூர் என்று எங்கெங்கோ கிளம்பியவர்கள் எல்லாம் கடைசியில் ஜி.எஸ்.டி. சாலை என்ற ஒரே புனலில் விழுகிறார்கள். ஞாயிறு மாலை பெருங்களத்தூர் ஏன் நகராமல் நிற்கிறது என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை. சனிக்கிழமை என்பதால் இன்று கூட்டம் இருந்தாலும் வண்டி நகர்கிறது.

முன்னால் போகிற கார்களைப் பார்த்தாலே கதை தெரிகிறது. ஒன்றின் மேல் கட்டிய சைக்கிள். இன்னொன்றின் பின்கண்ணாடியை மறைத்து நிற்கும் பலாப்பழம். டிக்கி முழுதாக மூடாமல் கயிறு கட்டிய ஒரு வேன். எல்லா வீட்டிலும் ஓர் ஆச்சி இருக்கிறார்!

மதுராந்தகம் ஏரிக்கரை வரும்போது அம்மாவின் முகம் தெளிந்துவிட்டது. கிழக்கிந்திய கம்பெனி காலத்தில் கலெக்டராக இருந்த லயோனல் பிளேஸ், மழை வெள்ளத்தில் ஏரி உடையாமல் இருக்க ராமரை வேண்டியதாகவும், வில்லோடு இருவர் கரையில் காவல் நின்றதைப் பார்த்ததாகவும் சொல்லப்படும் கதையைச் சின்னவனுக்குச் சொல்கிறார். அதனால்தான் அந்தக் கோயில் ராமர் `ஏரி காத்த ராமர்'. ``ராத்திரி முழுக்கத் தூங்காம காவல் நின்னாங்களா?'' என்று கேட்கிறான் சின்னவன். ``ஆமா'' என்கிறார் அம்மா.

பாலாற்றுப் பாலம், செங்கல்பட்டு, பரனூர். வாய்ப்பாட்டின் கடைசி டோல்கேட். சிங்கப்பெருமாள் கோவில், மறைமலை நகர், கூடுவாஞ்சேரி. 2023 டிசம்பரில் திறந்த கிளாம்பாக்கம் பேருந்து முனையத்திலிருந்து, இவர்கள் வந்த திசை நோக்கிப் பேருந்துகள் கிளம்பிக்கொண்டிருக்கின்றன. அதைப் பார்த்த மகள், ``அதுல ஏறி மறுபடி போயிடலாமாப்பா?'' என்கிறாள். வண்டலூர் உயிரியல் பூங்கா வாசலைப் பார்த்ததும், ``வீடு வந்தாச்சு!'' என்று கத்துகிறான் தம்பி. இருவரும் சொன்னதும் உண்மைதான்.

சேர்ந்ததும் போன்

சிட்லபாக்கம் வீட்டுக் கதவைத் திறக்கும்போது மணி 7.10. இரண்டு வாரம் பூட்டிக்கிடந்த வீட்டின் வாடை. ஜன்னல்களைத் திறந்துவிட்டு, அரிசி மூட்டையை இறக்குவதற்கு முன்பே அப்பா போன் போடுகிறார். முதல் மணி முழுதாக அடிக்கவில்லை. அதற்குள் எடுத்துவிடுகிறார் ஆச்சி.

``நல்லபடியா வந்துட்டோம்மா.''

``சந்தோசம்யா. பிள்ளைய சாப்பிட்டுச்சா? தேங்கா உடையாம வந்துச்சா?''

``வந்துச்சும்மா. நீங்க சாப்பிட்டீங்களா?''

``இனிமேதான். சாப்பிட்டுட்டுப் படுக்கணும். இன்னிக்கு நல்லாத் தூங்குவேன்.'' கொஞ்சம் நிறுத்தி, ``நீ ராத்திரி வண்டி எடுத்துட்டுப் போற அன்னிக்கெல்லாம், விடிய விடிய திண்ணையிலதான்யா உக்காந்திருப்பேன். மதுர தாண்டியிருப்பானா, திருச்சி தாண்டியிருப்பானான்னு. உங்கிட்ட சொன்னா நீ ரோட்டுல அத நெனைப்பேன்னு சொல்லல.''

ஸ்பீக்கரில் இருந்த அந்தக் குரலை நான்கு பேரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அப்பா, மகளைப் பார்த்தார். மகள் தன் பையிலிருந்து கூழாங்கற்களை எடுத்து, ஒவ்வொன்றாக டி.வி. மேஜைமேல் வைத்துக்கொண்டிருந்தாள்.

``அடுத்த லீவுக்கும் பகல்லயே வாரோம்மா'' என்றார்.

``காலாண்டு லீவுக்கா?'' - ஆச்சியின் குரலில் அதற்குள் வேகம் வந்துவிட்டது.

சின்னவன் போனைப் பிடுங்கினான். ``ஆச்சி, தாத்தா டார்ச் லைட் எங்கிட்டதான் இருக்கு. போயிட்டு வாரோம்!''